தாளின் தலையில் இருந்த திகதி

பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் உச்சியைப் பார்ப்போம். திகதி, கிழமை, பக்க இலக்கம். அச்சுக்குப் போகும் கடைசிப் படியில் செய்திகளை ஒருவர் பார்ப்பார், மரண அறிவித்தல்களை இன்னொருவர் பார்ப்பார், உச்சியில் ஓடும் அந்த ஒற்றை வரியை நான் பார்ப்பேன். வாசகர் எவரும் அதை வாசிப்பதில்லை. ஆனால் அதில் நேற்றைய திகதி இருந்துவிட்டால் கீழே உள்ள ஒன்றையும் நம்பமாட்டார்கள்.

நான் வேலை செய்த பத்திரிகை நின்றுபோன பிறகு, குடிநீர்த் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஆங்கிலமும் தட்டெழுத்தும் தெரியும் என்பதே தகுதி. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த திட்டம். தலைமை அலுவலகம் கொழும்பில். யாழ்ப்பாணத்துக் கிளை கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், சுற்றுமதில் உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ரயில் ஓடிய நாட்களில் அது கடந்து போகும்போது கணினித் திரையில் எழுத்துகள் மெல்ல நடுங்கும்.

குடாநாட்டில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்கும் மழைநீரைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். கரையோரத்தில் அந்த நீருக்குக் கீழே கடல் இருக்கிறது. மேலே இறைப்பது கூடினால் கீழே இருப்பது ஏறும். நல்ல தண்ணீர்க் கிணறு சவர்க் கிணறாகும். அப்படிச் சவரான கரையோர ஊர்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, கடலிலிருந்து தள்ளியிருக்கும் உட்பகுதியிலிருந்து குழாய் மூலம் நல்ல தண்ணீர் கொண்டுபோவது திட்டம். எந்த ஊர் என்பதைத் தீர்மானிக்க, ஒவ்வொரு ஊரின் கிணறுகளிலும் மாதாமாதம் போத்தலில் நீர் எடுத்து உப்பை அளந்தார்கள். அந்த எண்கள் என்னிடம் வரும். நான் கணினியில் ஏற்றுவேன்.

அந்த ஊர்களில் ஒன்று பருத்தித்துறைக்கு மேற்கே இருந்தது. என் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சரியாகச் சொன்னால், அத்தான்தான் அங்கே வந்திருந்தார். வீடு அக்காவின் சீதனம். எங்கள் ஐயா தன் ஓய்வூதியக் காசில் கட்டி அவள் பெயரில் எழுதிக் கொடுத்தது. கட்டிய காலத்தில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடியதாக இருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டளவில் அதில் பருப்பு அவியவில்லை. சவர்க்காரம் நுரைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுப் பால் விட்டால் பால் திரைந்துவிடும். அதனால் அக்கா வீட்டுக்கு யார் போனாலும் வெறுந்தேத்தண்ணிதான். சம்பந்திகள் வந்தபோதும் வெறுந்தேத்தண்ணிதான். அக்கா அதைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள்.

குடிப்பதற்கு அத்தான் சைக்கிளில் போய், கரையிலிருந்து தள்ளியிருந்த ஊர்களிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மனிதர். காலையில் இரண்டு பிளாஸ்ரிக் கலன்களைக் கரியரில் கட்டிக்கொண்டு புறப்படுவார். வழியில் படையினரின் காவலரண், நாங்கள் சென்றி என்போம், இருந்தது. அங்கே கலன்களைத் திறந்து காட்ட வேண்டும். சில நாட்களில் அவர்கள் முகம் கழுவ ஊற்றிக்கொள்வார்கள். அத்தானுக்கு இடுப்பில் நாரி வருத்தம் வேறு. கொழும்பில் இருந்த அவருடைய தமையன், வா வா என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், உம்மடை மெசின் என்ன சொல்லுது?" என்று ஒருநாள் அத்தான் கேட்டார். "உப்புக் கூடிட்டாமோ? அதை என்ரை நாக்கே சொல்லும். அதுக்குக் கரண்டும் வேண்டாம்."

"சும்மா இருங்கோப்பா" என்றாள் அக்கா.

"இல்லை, கேக்கிறன். உவ்வளவு பெரிய மெசின், ஒரு வாளி தண்ணியும் அடிச்சுத் தரமாட்டுதோ?"

பிறகு பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார். "பொங்கலுக்கு முதல் எங்கடை ஊரைத் தெரிஞ்செடுத்திட்டம் எண்டு சொன்னாங்கள் எண்டால் இருப்பம். இல்லாட்டி வீட்டைப் பூட்டுறம். இனி என்னாலை ஏலாது."

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய் தம்பி, உண்மையைச் சொல்லு. வருமோ, வராதோ?"

"எண்ணுகளைப் பாத்தால் வரவேணும்" என்றேன். அது உண்மை. கரையோர ஊர்களில் அவர்களுடைய ஊரின் உப்புத்தான் கூடுதலாக இருந்தது. தொடர்ந்து ஒரு வருட அளவீடு வேண்டும் என்பது நிபந்தனை. அதுவும் செப்டெம்பரோடு முடிய இருந்தது.

இனி அந்தக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதில் இருந்தது ஒரு விரிதாள் செயலி. நிரைகளும் நிரல்களுமாகக் கட்டம் போட்ட பெரிய தாள் என்று நினைத்துக்கொள்ளலாம். எண்களை ஏற்றி முடித்து அச்சடிக்கும்போது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் என்ன வரவேண்டும் என்று அது கேட்கும். ஒரு வரி எழுதலாம். அந்த வரியில் சில குறிகள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். @ என்று போட்டால் @ அச்சாகாது, அன்றைய திகதி அச்சாகும். # என்று போட்டால் பக்க இலக்கம் அச்சாகும். | என்ற நிற்கும் கோடு அந்த வரியை இடம், நடு, வலம் என்று பிரிக்கும். அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் படித்துவிடலாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகையில் திகதியை ஒருவர் எழுத்தெழுத்தாகக் கோர்ப்பார், இன்னொருவர் பார்ப்பார். பிழைத்தால் கோர்த்தவர் ஒருவர் இருந்தார். இங்கே எழுதியது ஒன்று, அச்சாவது இன்னொன்று. @ தருவது அன்றைய திகதியை அல்ல, அன்றைய திகதி என்று இயந்திரம் நினைத்துக்கொண்டிருப்பதை.

கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. எல்லா மாவட்டத் தாள்களுக்கும் ஒரே தலைப்பு. இடப்பக்கம் @, நடுவில் திட்டத்தின் பெயர், வலப்பக்கம் #. காலில் மாவட்டத்தின் பெயர். இவற்றை மாற்றக் கூடாது. அச்சான தாளில் பேனாவால் திருத்தக் கூடாது. பொறியியலாளர் அதைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

பொறியியலாளர் எங்கள் கிளையின் பொறுப்பாளர். கெட்டிக்காரர். கிணறுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. கணினி வந்த நாளில் நல்ல நேரம் பார்த்துத் திறந்து, அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பொட்டுப் புதுப்பிக்கப்படும். கணினியில் ஒரு பூட்டு இருந்தது. திறப்பு அவருடைய ஸ்கூட்டர்த் திறப்போடு ஒரே வளையத்தில் கிடந்தது. காலையில் அவர் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, திறப்பைத் திருப்புவார். இயந்திரம் முழித்துக்கொண்டு முதலில் இன்றைக்குத் திகதி என்ன என்று கேட்கும். அவர் ஒன்றும் எழுதாமல் பெரிய விசையைத் தட்டுவார். நேரம் என்ன என்று கேட்கும். அதற்கும் தட்டுவார். பிறகு எழும்பி, "இனி நீர் இரும்" என்று எனக்குக் கதிரையை விடுவார். விழாவில் பிரமுகர் முதல் திரியைக் கொளுத்திவிட்டு மெழுகுதிரியைக் கைமாற்றுவது போல. வேறு எவரும் அதைத் தொடங்கக் கூடாது.

மலிவான இயந்திரம். திகதியை ஞாபகம் வைத்திருக்க அதனுள் பற்றரி இல்லை. மின்சாரம் நின்றால் மறந்துவிடும். திரும்ப முழித்துக் கேட்கும்போது நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், இன்றைக்கு 1980 தை முதலாம் திகதி என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் அந்த நாள்தான்.

மாதாந்தத் தாள்கள் எங்கள் கோப்பில் மட்டும் கிடந்ததால் எவரும் கவனிக்கவில்லை. வருட அறிக்கை அச்சான அன்று நான் முதற் பக்கத்தைக் கிழித்தெடுத்து, வழக்கம்போல உச்சியைப் பார்த்தேன்.

"சேர், மேலை திகதி பிழையாய் இருக்கு."

"எண்ணுகள் சரியோ?"

"எண்ணுகள் சரி."

"பிறகென்ன? தண்ணியைத்தானே அளந்தனாங்கள், திகதியையே அளந்தனாங்கள்?"

"ஒம்பது வருசம் பிந்தி நிக்குது, சேர். வாசிக்கிறவை பழைய எண்ணெண்டு நினைப்பினம்."

அது அவருக்கு உறைத்தது. இயந்திரத்தை நிறுத்தித் திரும்பவும் திறப்பைத் திருப்பினார். இம்முறை திகதியை எழுதினார். 14-9-89. இப்படி ஒரு திகதி கிடையாது என்று இயந்திரம் சொன்னது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எழுதினார். கிடையாது.

"பாத்தீரோ? எங்கடை திகதி உதுக்குப் பிடிக்கேல்லை" என்று சொல்லி, பெரிய விசையைத் தட்டிவிட்டு எழும்பினார்.

காரணம் சிறியது. நாங்கள் நாளை முதலில் எழுதுவோம், பிறகு மாதம். அந்த இயந்திரத்துக்கு மாதம் முதலில் வரவேண்டும். பதினான்காம் மாதம் இல்லையென்று அது சொன்னது. பன்னிரண்டாம் திகதிக்குள் எழுதியிருந்தால் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு வேறொரு மாதத்தைப் போட்டிருக்கும். கைநூலைத் தேடியெடுத்து இதைக் கண்டபின் பொறியியலாளரிடம் சொன்னேன்.

"உலகத்திலை எவன் மாசத்தை முதல் எழுதுவான்?"

"அமெரிக்கர் எழுதுவினம், சேர்."

"அப்ப அமெரிக்கன் வந்து மெசினைப் போடட்டும்."

"அல்லாட்டி தலைப்பிலை @ ஐ எடுத்துப்போட்டு, திகதியை நாங்களே எழுதலாம்."

அவர் சுவரில் இருந்த சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டினார். "அங்கை என்ன போட்டிருக்கு? @ எண்டு போட்டிருக்கு. @ தான்."

அறிக்கை 1980ஆம் ஆண்டுத் திகதியோடு கொழும்புக்குப் போனது. ஆறு பக்கம். ஆறிலும் அந்தத் திகதி.

சில கிழமைகளில் திரும்பி வந்தது. முதற் பக்கத்தில் திகதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம். ஓரத்தில், இவை திட்டம் தொடங்குவதற்கு முந்திய தரவுகள், கருத்தில் எடுக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கையொப்பம் இல்லை.

பொறியியலாளர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாதத்தை முதலில் எழுதுவது எப்படி என்று கேட்டார். நான் சொன்னேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. @ சரியான திகதியைத் தந்தது. அறிக்கையைத் திரும்ப அச்சடித்தோம்.

அச்சுப்பொறியில் போடும் தாள் இரண்டு ஓரத்திலும் துளையுள்ளது. பல்லுச் சக்கரம் துளையில் மாட்டி இழுக்கும். ஒரு பக்கத் துளைகள் கழன்று, தாள் சரிந்து, எண்கள் வாய்க்கால் பாய்ந்த மாதிரிக் கோணலாக விழுந்தன. தாளை நேராக்கி மறுபடி அச்சடித்தேன். இம்முறை எல்லாம் நேர். ஆனால் முதற் பக்கத்தின் வலப்பக்க உச்சியில் 7 என்று இருந்தது.

# இடைவிடாமல் எண்ணிக்கொண்டு போகும். இதுதான் தாளின் தொடக்கம், ஒன்றிலிருந்து எண்ணு என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் திரும்பத் தொடங்கும். பழுதான ஆறு பக்கங்களையும் அது எண்ணியிருந்தது. இந்தக் கட்டளை கைநூலில் இன்னும் பின்னால் இருந்தது. நான் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது.

தபால்பையைக் கொண்டுபோகிறவர் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ரயில் எப்போது ஓடும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம்.

"சேர், பக்கம் ஏழிலை துவங்குது."

"எத்தினை தாள் இருக்கு?"

"ஆறு."

"ஆறு இருக்கோ? அப்ப ஏழிலை துவங்கினால் என்ன, நூறிலை துவங்கினால் என்ன? எண்ணத் தெரிஞ்சவன் எண்ணிப் பாப்பான்."

"பேனையாலை வெட்டி எழுதட்டோ?"

"கிறுக்கின தாளைத் திருப்புவாங்கள். நீர் ஒரு துண்டு அடிச்சுக் குத்திவிடும்."

தட்டெழுத்து இயந்திரத்துக்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு துண்டு அடித்தேன். இயந்திரக் கோளாறினால் பக்கங்கள் 7 முதல் 12 வரை என இலக்கமிடப்பட்டுள்ளன, மொத்தம் ஆறு பக்கங்களே. முதற் பக்கத்தில் குண்டூசியால் குத்தி அனுப்பினேன்.

மார்கழியில் திரும்பி வந்தது. முதல் ஆறு பக்கங்கள் கிடைக்கவில்லை, முழு அறிக்கையை அனுப்பவும். என் துண்டைக் காணவில்லை. முதற் பக்கத்தில் குண்டூசித் துளைகள் இரண்டும் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலியோரம் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன, கொம்பியூட்டர் மச்சான், இன்னும் எத்தினை பக்கம் இருக்கு?" என்றார். அக்கா அவரைத் தாண்டி வந்து, "இந்தமுறை நீயே கொண்டுபோ. ஆரையும் நம்பாதை" என்றாள். உள்ளே பெட்டிகள் இரண்டு ஏற்கெனவே கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே எடுத்துத் தூசு தட்டப்பட்டிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு அவற்றின்மேல் ஒரு சேலையைப் போட்டாள்.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. திகதி சரி, பக்கங்கள் 1 முதல் 6. நான் ஒவ்வொரு தாளின் உச்சியையும் பார்த்து, பொறியியலாளரையும் பார்க்கச் சொல்லி, உறையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

கொழும்பு அலுவலகத்தில் எங்கள் தாள்களைப் பெறுகிறவர் யாழ்ப்பாணத்து அளவெட்டி ஊர்க்காரர். அது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். ஐம்பது வயதிருக்கும். நான் தமிழில் பேசத் தொடங்கியதும், "கதவைச் சாத்தும்" என்றார். சாத்திவிட்டு இருந்தேன். உறையைக் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை.

"தெரிவு முடிஞ்சுது, தம்பி. போன கிழமை."

"எங்கடை அறிக்கை?"

"பூரணமில்லை எண்டு தள்ளி வைச்சிட்டினம்."



"எண்பதாம் ஆண்டெண்டு வந்தது மெசின் பிழை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? எண்பதிலை இந்தத் திட்டமே இல்லை. இல்லாத திட்டம் என்னெண்டு தண்ணி அளக்கும்?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்கு? எனக்கு மேலை இருக்கிறவர் முதல் பக்கத்தின்ரை தலையைப் பாப்பார். அதோடை சரி."

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்கு ஒரு போன் எண்டாலும் எடுத்திருக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ? யாழ்ப்பாணத்துத் தாளுக்கு யாழ்ப்பாணத்தான் வக்காலத்து வாங்கிறான் எண்டு என்ரை ஃபைலிலை ஒரு வரி ஏறும். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். உங்கடை தாளிலை பிழை இருந்தபடியாத்தான் நான் வாய் திறக்கேலாமல் போனது."

"பிழை இல்லாட்டி வாய் திறந்திருப்பியளோ?"

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

"நான் குத்திவிட்ட துண்டு எங்கை?"

"போட்டோக் கொப்பி எடுக்கேக்கை குண்டூசி எல்லாம் கழட்டுறது வழக்கம்."

அவருடைய மேசை ஓரத்தில் ஒரு தாள்கட்டு இருந்தது. தெரிவான ஊரின் அறிக்கை. வேறொரு மாவட்டத்தின் கரையோர ஊர். நான் தலைகீழாக வாசிக்கப் பழகியவன். அச்சுக்கூடத்தில் எல்லாருக்கும் அது வரும். கையால் கோடு போட்டுக் கையால் எழுதிய எண்கள். உச்சியில் ஒன்றுமில்லை. திகதி இல்லை, திட்டத்தின் பெயர் இல்லை, பக்க இலக்கம் இல்லை.

"இவையின்ரை தாளிலை தலைப்பே இல்லையே" என்றேன்.

"இல்லை. அவையளுக்கு மெசின் இன்னும் போகேல்லை."

"அப்ப சுற்றறிக்கை?"

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் ரயிலில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்தேன். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கப்படுத்தும் பொறுமையோடுதான் சொன்னார்.

"தம்பி, தலைப்புப் பிழையெண்டால் திருப்பி அனுப்பலாம். தலைப்பே இல்லாட்டி என்னத்தைப் பிழையெண்டு சொல்லுறது?"

எழும்பும்போது, "அளவெட்டியிலை இப்ப திருவிழாக்கள் நடக்குதோ?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வழியில் யோசித்து வைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அக்கா கேட்டாள். "அப்ப எங்கடை தண்ணி சவரெண்டதை அவை நம்பேல்லையோ?"

"சவரெண்டதை நம்பினவை. திகதியைத்தான் நம்பேல்லை."

அன்று அத்தான் பகிடி விடவில்லை. கலன்களை எடுத்துக் கரியரில் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலிப் படலையைத் தாண்டிப் போனார். மறுநாள் பொங்கலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

மாசியோடு அத்தான் பள்ளிக்கூடத்தில் விலகுவதாக எழுதிக் கொடுத்தார். பங்குனியில் கொழும்புக்குப் போனார்கள். போகிற காலையில் அக்கா கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வீடு முழுவதையும் கழுவினாள். பூட்டப் போகிற வீட்டை ஏன் கழுவுகிறாய் என்று நான் கேட்கவில்லை. சீமெந்துத் தரை காயக் காய, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அவள் அதையும் துடைத்தாள். பிறகும் பூத்தது.

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது, ரயில் நின்றது. திட்டத்தை மூடிவிட்டதாகக் கொழும்பிலிருந்து ஒரு தந்தி. பொறியியலாளர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். கணினித் திறப்பு அவருடைய வளையத்தோடு போய்விட்டது. சந்தனப் பொட்டோடு அந்த இயந்திரம் மூலையில் இருந்தது. யாராவது மின்சாரம் கொடுத்திருந்தால் அது 1980 என்றுதான் சொல்லியிருக்கும்.

இதற்குப் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. குழாய் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சண்டை வந்தது, குழாய் வரவில்லை. கொழும்புக்காரருக்கு அது வசதி, எங்களுக்கும் வசதி. பெரிய செய்தி ஒன்று விழும் நாளில் முதற் பக்கத்துக்காகத் தயாராக இருந்த சின்னச் செய்திகளை அள்ளிக் குப்பையில் போடுவோம். மறுநாள் அவற்றை ஒருவரும் தேடுவதில்லை. தெரிவு நடந்தது சண்டைக்கு முன்பு. அக்கா வீட்டைப் பூட்டியது சண்டைக்கு முன்பு. அந்த ஒழுங்கை மாற்றிச் சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

தொண்ணூற்றைந்தில் படை நெருங்கியபோது, எல்லாரோடும் நானும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டேன். சில மாதங்கள் அங்கும் இங்குமாக இருந்துவிட்டு, கடைசியில் கொழும்பில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாடி வீடு, இரண்டு அறை. வீட்டுக்காரர் வேறொருவர். குழாயைத் திருப்பினால் நல்ல தண்ணீர் வரும்.

ஒரு பின்னேரம் அத்தானின் பழைய சிநேகிதர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர்களும் என்னைப் போல அப்போதுதான் இடம்பெயர்ந்து வந்தவர்கள். யார் எப்போது வெளிக்கிட்டது, எதை விட்டுவிட்டு வந்தது என்ற பேச்சு. அந்தப் பெண் அக்காவிடம் கேட்டாள்.

"நீங்கள் எந்தச் சண்டைக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

அத்தான், "தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்கு" என்றார்.

"இல்லை" என்றாள் அக்கா. "சண்டைக்கு முதலே."

"ஏன், முதலே தெரிஞ்சுதோ?"

"இல்லை. ஆறு பக்கத்தை ஏழிலை துவங்கி எண்ணிப்போட்டாங்கள்."

அவர்களுக்கு விளங்கவில்லை. ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழும்பி உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். வந்தவர்களுக்கும் அத்தானுக்கும் எனக்கும் பால்தேத்தண்ணி. திரையாத பால். ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக் கொடுத்தாள்.

தனக்கு அவள் வெறுந்தேத்தண்ணிதான் ஊற்றியிருந்தாள்.